விளக்கு வந்தாச்சு, ஆடு எங்க மருமவனே?

வாரும் மருமவனே, வாரும். திண்ணையில உமக்கு இடம் இருக்கு. கக்கத்துல இருக்க ஃபைலுக்குத்தான் இடம் பத்துமான்னு பாக்குதேன். உள்ள ரெண்டு செங்கல்லை வச்சுக் கட்டுன கனமால்லா இருக்கு? ஓ, கட்டடத்துக்கு மனுவா? அப்பம் சரிதான், செங்கல் இப்பமே வந்துட்டு.

டிரஸ்ட்டு ஆஸ்பத்திரிக்கு மாடி எழுப்பணும், டயாலிசிஸ் மிசின் ரெண்டு வாங்கணும். கம்பெனிக்காரன்கிட்டக் கேக்கப் போறீரு. கேளும். கொடுக்காம எங்க போவான்? 2014 ஏப்ரல் மாசத்துல இருந்து சட்டம் அவன் சட்டைப் பையில கை விட்டுக்கிட்டு நிக்கி. வருசம் 5 கோடி லாபமோ, 1000 கோடி யாவாரமோ, 500 கோடி நிகர மதிப்போ இருந்துட்டா, முந்தின 3 வருச லாபத்துச் சராசரியில நூத்துக்கு 2 ரூவாயைப் பொதுக்காரியத்துக்குச் செலவழிச்சே ஆகணும், அதுக்குத்தான் சிஎஸ்ஆர்னு பேரு. தொழில் நடத்துத வட்டாரத்தை முதல்ல கவனிக்கணும்னும் அதுலயே எழுதியிருக்கு. அதனால பம்பாய்க்காரனுக்கு எழுதித் தபால் செலவைக் கூட்டாதேயும். நம்ம காட்டுல காத்தாடி நட்டு நம்ம காத்தை விக்கவன் இருக்கான்லா, அவனைப் பிடியும்.

காலம் பாத்துப் போகணும், வே. ஐப்பசியில போனீர்னா ‘பரிசீலிக்கோம்’பான். தையில போனா காப்பி கொடுப்பான். மார்ச் கடைசி வாரம் போய்ப் பாரும், ‘பேங்க் அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க சார்’னு அவனே பேனாவை எடுப்பான். செலவழியாத பணத்தைத் தனிக் கணக்குல போடணும், இல்லைன்னா அரசாங்க நிதிக்கு அனுப்பணும். ரெண்டுலயும் போட்டோ கிடையாதே!

அதுக்கு முன்னால சாதகப் பொருத்தம் பாப்பாங்க. வருமான வரி ஆபீசுல வாங்குன 12ஏ இருக்கா, 80ஜி இருக்கா, சிஎஸ்ஆர் பதிவு நம்பர் இருக்கா, இதே வேலையை 3 வருசம் பாத்ததுக்குக் கணக்கு இருக்கா? அப்புறம் இடம் யார் பேர்ல? ‘எங்க சித்தப்பா பேர்ல இருக்கு, அவர் ஒண்ணும் சொல்லமாட்டாரு’ன்னு அங்க போய்ச் சொல்லி வைக்காதேயும். உம்ம சித்தப்பா என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியும். கட்டடமோ மிசினோ கம்பெனி தன் பேர்ல வச்சுக்கிடப்படாது, பதிவு பண்ணுன டிரஸ்ட்டு மாதிரி அமைப்பு பேர்லயோ பயனடையுத சனங்க குழு பேர்லயோ அரசாங்கத்து பேர்லயோதான் இருக்கணும்னு 2021 ஜனவரியில விதி போட்டுட்டாங்க. நல்ல விதி. ஆனா சொத்துல பேர் இருக்கப்படாதுன்னுதான் விதி. சுவத்துல இருக்கப்படாதுன்னு சொல்லலை. அதனால வாசலுக்கு நேரா ஒரு சுவத்தைக் காலியா விட்டு பிளான் போடும். ஜன்னல் அப்புறம் பாத்துக்கிடலாம். காத்து இல்லாம ஆஸ்பத்திரி இருக்கும், கல்வெட்டு இல்லாம இருக்குமா?

எல்லாம் சரி. ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடப்படாது. போன வருசம் ஒரு மிசின் வந்துச்சே, அது சௌக்கியமா?

நேத்து அந்தப் பக்கம் போனவன் எட்டிப் பாத்தேன். மேல சரிகைத் துண்டைப் போத்தி, பொட்டு வச்சு, மூலையில நிக்கி, மாப்பிள்ளை வீட்டார் வராத பொண்ணு மாதிரி. திரையில ஒட்டுன பாலித்தீன் காயிதத்தைக்கூட உரிக்கலை. அதுக்குத்தான் துணைக்கு ரெண்டு கேக்கீரோ, தனியா நிக்கப் பயப்படுதுன்னு?

நர்சம்மாகிட்டக் கேட்டேன், விவரமாச் சொன்னா. ஒரு ஆளுக்கு ஒரு தடவை ரத்தத்தைச் சுத்தம் பண்ண 4 மணி நேரம். அதுக்கு ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரிச்ச தண்ணி. நம்ம போர்த் தண்ணியைத்தான் மாடே மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்புது. அதைச் சுத்தம் பண்ணி 120 எடுக்கணும்னா அதுக்கு மேல இன்னொரு மடங்கு உறிஞ்சணும், மிச்ச உப்புத் தண்ணியை எங்கயாச்சும் விடணும். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவைன்னு ஒவ்வொரு நோயாளியும் வருவான். தடவைக்குத் தடவை டியூபு, மருந்துக் கரைசல். பாதியில கரண்டு போனா மனுசன் ரத்தம் குழாயில நிக்கும், அதுக்கு ஒரு ஜெனரேட்டரு. இத்தனையும் தெரிஞ்ச டெக்னீசியன் ஒருத்தன், மாசம் பொறந்தா சம்பளம் கேப்பான். மிசினைக் கொடுத்த மவராசன்கிட்ட டெக்னீசியன் சம்பளம் கேட்டீராமே? ‘அதெல்லாம் எங்க பாலிசியில இல்லை’ன்னுட்டானாம். ஆனையைக் கொடுத்துட்டு அங்குசத்துக்குப் பிகு பண்ணுத கதைதான்.

அந்தக் காலத்து ஆளுக இதுல கெட்டிக்காரங்க. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுவத்துல வெட்டியிருக்கு பாரும், ராசராசன் காலத்துக் கணக்கு. ராத்திரி பகலா எரியுத விளக்கு ஒண்ணுக்கு 96 ஆடு. விளக்கை வச்சுட்டுக் கும்பிட்டுப் போயிர முடியாது. ஆட்டை இடையர்கிட்ட எண்ணி ஒப்படைக்கணும், அவங்க தினம் ஒரு உழக்கு நெய் அளக்கணும், அவங்க பேரையும் கல்லுல வெட்டணும். அந்த ஆட்டுக்குச் சாவா மூவாப் பேராடுன்னு பேரு. கிழடு கழிஞ்சாலும் குட்டி வந்து சேந்து தொகை குறையப்படாதுன்னு கணக்கு. நம்ம ஆளுக விளக்கை மட்டும் கொடுத்துட்டு, ஏன் எரியலைன்னு அடுத்த வருசம் ஆடிட்டரை அனுப்புதாங்க.

அதனால அந்த ஃபைலைப் பிரியும். மாடியை அடியும், பிறகு பாக்கலாம். மிசின் ஒண்ணுகூட வேண்டாம், இருக்கதுக்கு ஆடு கேளும். ஆனா ஆடுன்னு சொல்லிக் கேட்டா தர மாட்டான், மிசின்னு சொல்லிக் கேக்கணும். தண்ணி சுத்திகரிக்க பிளான்ட்டு, அதுவும் மிசின்தானே? கூரைக்குச் சோலார், அதுவும் சாமான்தானே, ரிப்பன் கட்ட இடம் இருக்கே? 5 வருசப் பராமரிப்பு ஒப்பந்தத்தை மிசின் விலையோட சேத்தே கொட்டேஷன் வாங்கும், தனி வரியாக் காட்டாதேயும். டெக்னீசியன் சம்பளத்தை மட்டும் ஒளிக்க முடியாது. அதுக்குத் தொடர் திட்டம்னு கேளும். ஆரம்பிச்ச வருசம் போக 3 வருசம் இழுக்கலாம்னு அவங்க விதியிலயே வழி இருக்கு. இத்தனைக்கும் ஒத்துக்கிடலைன்னா, தண்ணி பிளான்ட்டு மேல அவங்க ஐயா போட்டோவை மாட்டுதோம்னு சொல்லும். மாட்டிக் கொடுத்துட்டுப் போவோமே, நமக்கென்ன.

எங்க எந்திரிக்கீரு? இரும், அத்தை காப்பி போடுதா. பால் கவரை வெட்டுதா பாரும், அந்தக் கத்தரிக்கோல் அடையாளம் தெரியுதா? உம்ம விழாவுல ரிப்பன் வெட்டுனதுதான், தட்டோட எங்கிட்டத் தந்தீரு, திருப்பிக் கேக்கலை. அன்னைக்கு வாங்குன சாமான்ல இன்னைக்கு வரைக்கும் ஓடுதது அது ஒண்ணுதான்.