இடதுகைக் கத்தரிக்கோலும் கதாநாயகியும்

கேள்வி: சிப்காட்டில் நைட் ஷிஃப்ட். காலையில் டிபன் தட்டோடு மகள் பக்கத்தில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்ப்பேன். சாதாரண ஆளை சினிமா நடிகை காதலிப்பதெல்லாம் கார்ட்டூனில்தானே நடக்கும்?
- வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் 2003 மார்ச்சில் வந்த ஓர் எபிசோடு அதே கதைதான். நெட் ஃபிளாண்டர்ஸ் மனைவியை இழந்தவர், இடதுகைக்காரர்களுக்கான சாமான் கடை வைத்திருப்பவர். ஷூட்டிங்குக்கு வந்த நடிகை சாரா ஸ்லோன் அந்தக் கடைக்குள் நுழைகிறாள். மனசு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இவர் கல்யாணப் பேச்சை எடுத்ததும் அவள் கிளம்பிவிடுகிறாள். சிரித்துக்கொண்டே பார்த்த எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது.

நம்மூர்க் கதை இன்னும் அழகு. எத்திராஜ் கல்லூரி மாணவி லதா, கல்லூரி மலருக்காக ரஜினிகாந்தைப் பேட்டி காணப் போனார். கேள்வி கேட்கப் போனவரிடமே கல்யாணக் கேள்வியைக் கேட்டார் ரஜினி! 1981 பிப்ரவரி 26, திருப்பதியில் திருமணம்.

ஃபிளாண்டர்ஸ் கேட்டதும் அதே கேள்விதான் சார். இங்கே 'சரி' என்று பதில் வந்தது. மகளிடம் இந்தக் கதையையும் சொல்லுங்கள். டிபன் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.