பர்மா தேக்கும் ஒரு பனியனும்

வீட்டை விற்பது என்று முடிவான அன்று சார் செய்யும் முதல் காரியம், போனின் கேமராக் கண்ணை வேட்டி முனையால் துடைப்பது. புரோக்கருக்குக் கமிஷன் அழ அவருக்கு மனசில்லை. படம் பிடிக்கத் தனியாக ஆள் வைக்கலாம் என்றால் முறைப்பார். “நம்ம வீட்டைப் பத்தி நம்மளவிட எவனுக்குத் தெரியும்?” என்பார். கோளாறே அங்கேதான். படத்தைப் பார்க்கப் போகிறவருக்கு அந்த வீட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

சென்னையில் மடிப்பாக்கம், நங்கநல்லூர், கீழ்க்கட்டளைப் பக்கம் தெருவுக்கு ஒரு சார் நிச்சயம் உண்டு. தொண்ணூறுகளில் கடன் போட்டு ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, வாங்கினவர். லீவு போட்டுவிட்டு வந்து கொத்தனார் தலைமாட்டிலேயே நின்று கட்டினவர். இன்று பிள்ளைகள் வெளியூரில். மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது. ஆகவே விற்பனை.

விளம்பரத்தில் சார் போட்ட முதல் படத்தில் வீடே இல்லை. முழுக்கப் பழுப்பு நிறம், நடுவே சில கோடுகள். அது வாசற்கதவு. பர்மா தேக்கு. ரேகை தெரியட்டும் என்று அரையடி தூரத்தில் நின்று எடுத்திருக்கிறார். அன்று மாலை போன் செய்த ஒருவர், “சார், மரக்கடை எந்த ஏரியாவுல இருக்கு?” என்று கேட்டார். சாருக்கு வந்த கோபத்தில் விலையை இரண்டு லட்சம் ஏற்றிவிட்டார்.

இரண்டாவது படம் சம்ப். மூடியைத் திறந்து, குனிந்து, பிளாஷ் போட்டு எடுத்தது. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, மிச்சமெல்லாம் கும்மிருட்டு. “12,000 லிட்டர்” என்று கீழே எழுதியிருப்பதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்தது போர் மோட்டார். அதற்கடுத்து, வாசல் கிழக்குப் பார்த்தது என்பதற்குச் சாட்சியாகத் திசைகாட்டியின் படம். மின்சார மீட்டருக்கும் ஒரு படம் கிடைத்தது. ஹாலுக்கு மட்டும் ஏழாவது இடம்தான்.

அந்த ஹால் படத்தை நின்று பார்க்க வேண்டும். போனை நெட்டுக்குத்தாகப் பிடித்ததால் பாதிப் படம் மின்விசிறி. ஜன்னலுக்கு நேராக நின்று எடுத்ததால் ஜன்னல் மட்டும் சூரியனாட்டம் எரிகிறது, அறை இருண்டு கிடக்கிறது. சுவரில் போன வருஷத்து முருகன் காலண்டர். கொடியில் ஈரத்துண்டு. டீப்பாயில் மாத்திரை டப்பா, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. ஓரத்தில் கட்டிலும் இரண்டு பாதங்களும் தெரிகின்றன. பாதங்கள் சாரின் மாமியாருடையவை. அவரை எழுப்புவது மரியாதையில்லை என்று சார் அப்படியே எடுத்துவிட்டார். எதிரே பீரோக் கண்ணாடி. அதில் வேட்டியும் பனியனுமாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சாரே நிற்கிறார். பனியனில் இடது தோளருகே ஒரு ஓட்டை. துபாயில் உட்கார்ந்து ஊரில் வீடு தேடுகிறவர்கள்கூட அந்த ஓட்டையை விரலால் பெரிதாக்கிப் பார்த்திருப்பார்கள்.

பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். “அப்பா, பாத்ரூம் படத்துல கக்கூஸ் மூடி திறந்திருக்கு.”

“வெஸ்டர்ன்னு தெரிய வேண்டாமா?”

போனைப் படுக்க வைத்துப் பிடிக்க வேண்டும், நெஞ்சு உயரத்தில், அறை மூலையில் நின்று எடுக்க வேண்டும், பிளாஷ் கூடாது, காலை வெளிச்சத்தில் ஜன்னலையெல்லாம் திறந்துவிட வேண்டும், முக்கியமாக அறையைக் காலி பண்ண வேண்டும் என்று பாடம் எடுத்தாள். சார் எல்லாவற்றையும் காகிதத்தில் குறித்துக்கொண்டார். மறுநாள் ஹால் சாமான்களை ஒன்றுவிடாமல் படுக்கையறைக்குத் தள்ளி ஹாலை எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் ஹாலுக்குத் தள்ளிப் படுக்கையறையை எடுத்தார். கதவைச் சாத்தத் தோன்றவில்லை. எந்த அறைப் படத்தைப் பார்த்தாலும் வாசல் வழியாக அதே கிரைண்டரும் அதே பாய்ச்சுருட்டும் எட்டிப் பார்த்தன. “ஏங்க, வீட்டை விக்கிறோமா, சாமானை விக்கிறோமா?” என்று சாரின் மனைவி கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

புரோக்கர் எடுக்கிற படம் இதற்கு நேர் எதிர். போனில் 0.5 என்கிற அகலக் கண்ணைத் தட்டினால் பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபமாகிவிடும். ஓரத்தில் நிற்கிற பிரிஜ் மட்டும் அகலமாகிச் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். நேரில் வந்து பார்ப்பவர் ஏமாந்த முகத்தோடு செருப்பைத் தேடுவார். சார் படத்தைப் பார்த்து ஒருவரும் வருவதில்லை. புரோக்கர் படத்தைப் பார்த்து வருகிறவர் நிற்பதில்லை. இரண்டில் சாரே தேவலை என்பேன். அவர் குறைத்துத்தான் காட்டுகிறார், கூட்டிக் காட்டவில்லை. காலி மனைப் பத்திரத்தோடு இருப்பிடக் குறியீடு உள்ள படத்தை இணைக்கச் சொல்லி 2023-ல் பதிவுத்துறையே உத்தரவு போட்டது என்றால், உண்மையான படத்துக்கு இருக்கிற மரியாதையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் மகளே ஒரு சனிக்கிழமை வந்து இறங்கினாள். காலை எட்டு மணிக்கு ஜன்னல்களைத் திறந்தாள். காலண்டரைக் கழற்றி, துண்டை எடுத்து, பாட்டியை மொட்டைமாடி நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். எட்டே எட்டுப் படம். முதல் படம் தெருவிலிருந்து எடுத்த முழு வீடு, பக்கத்தில் செம்பருத்தி. அன்றிரவே மூன்று போன். சாருக்குச் சந்தோஷம் பாதி, வருத்தம் பாதி. “நல்லாத்தான் இருக்கு. தேக்குதான் தெரியலை.”

மகள் ஊருக்குப் போனதும் ஒன்பதாவதாக ஒரு படத்தை அவரே சேர்த்துவிட்டார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எடுத்தது. தெரு முழுக்கச் செம்மண் நிறத் தண்ணீர், மூழ்கிய பைக் ஒன்றின் கைப்பிடி, நடுவில் இவர் வீட்டுப் படிக்கட்டு. “பாருங்க, மூணாம் படியோட நின்னுடுச்சு. உள்ள ஒரு சொட்டு வரலை” என்று கீழே குறிப்பு வேறு. மகள் போனில் கத்தினாள். “அதை எடுங்கப்பா, பார்க்கறவங்க ஓடிடுவாங்க!” சார் எடுக்கவில்லை.

இந்த ஒரு விஷயத்தில் நான் சார் கட்சி. பள்ளிக்கரணை, வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் வீடு பார்க்கிறீர்களா? வெளிச்சமான ஹாலையும் செம்பருத்தியையும் ரசித்து முடித்ததும், 2015 மழையில் எடுத்த படம் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் பேச்சை மாற்றினால் அட்வான்ஸ் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.