தூக்கிப் பாருங்க சார்

அவர் வாசலில் வந்து நின்றால், கையில் இருக்கும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவது நல்லது. வணக்கம் சொல்ல மாட்டார். வீட்டில் சௌக்கியமா என்று கேட்க மாட்டார். சைக்கிளை நம் பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "தூக்கிப் பாருங்க சார்" என்பார்.

தூக்கித்தான் ஆக வேண்டும். அதற்கு முறை இருக்கிறது. இரண்டு கையையும் போடக் கூடாது. மேல்குழாயின் நடுவில், சீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒற்றை விரலைக் கொடுக்க வேண்டும். ஆள்காட்டி விரல் உத்தமம். தூக்கியதும் இறக்கிவிடக் கூடாது. ஒரு நொடி அந்தரத்தில் நிறுத்தி, புருவத்தை உயர்த்தி, "அட!" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இறக்கினால், "நீங்க சரியாத் தூக்கல சார், இன்னொரு வாட்டி" என்பார்.

"அட" சொன்னாலும் விடுதலை இல்லை. அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "போன வாரத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியுதா?" அந்த வித்தியாசம் 18 கிராமாக இருக்கும். போன வாரம் நம் விரல் தூக்கிய எடையை விரல் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று அவர் உண்மையிலேயே எதிர்பார்க்கிறார். "தெரியுது, தெரியுது" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால், "எங்க குறைஞ்சிருக்குன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைப்பார். முன்பக்கம் என்று சொன்னால் பின்பக்கமாக இருக்கும். பின்பக்கம் என்றால் பெடலாக இருக்கும்.

இந்தப் பரீட்சைக்குச் சாதி, உத்தியோகம் எதுவும் தடையில்லை. மின்சார ரீடிங் எடுக்க வந்தவர் தூக்கியிருக்கிறார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், தாம்பூலத் தட்டை நீட்டுவதற்கு முன்பு தூக்கியிருக்கிறார்கள். கேஸ் சிலிண்டர் போட வந்த பையனையும் அவர் விட்டதில்லை. நிறைந்த சிலிண்டர் 30 கிலோ இருக்கும். அதைத் தோளிலிருந்து இறக்கி, மூச்சு வாங்கி, ஒற்றை விரலால் சைக்கிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அந்தப் பையன் கேட்டான்: "இது காலியா சார்?" இவருக்குப் பரம சந்தோஷம். அன்று அந்தப் பையனுக்கு டிப்ஸ் கூடுதலாகக் கிடைத்தது.

மசியாதவர் ஒருவர்தான். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து அன்னக்கூடையில் மடவை மீன் கொண்டுவரும் அம்மா. கூடையை இறக்காமலே நின்று, சைக்கிளை ஒரு பார்வை, இவரை ஒரு பார்வை பார்த்தார். "இன்னா தம்பி, சைக்கிளுதான் எளைச்சிக்கினே போவுது. நீ அப்டியே கீறியே!" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அன்றிலிருந்து அந்த அம்மா வரும் நேரத்தில் சைக்கிள் உள்ளே போய்விடும்.

இவரைப் போல ஊருக்கு ஒருவர் இருக்கிறார். எங்கள் அனுப்பம்பட்டில் இருப்பவரைத்தான் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் வீடு ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் என்றுகூட நான் சொல்லவில்லை.

வாங்கும்போது அது ஒரு சாதாரண ரோடு பைக். அலுமினிய ஃபிரேம், இரும்பு ஃபோர்க், வளைந்த ஹேண்டில்பார், எட்டு கியர், 11 கிலோ. புதிதாகப் பழகுகிறவருக்கு அதைவிட நல்லது வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து பழவேற்காடு வரை மிதித்துவந்த கூட்டத்தில் ஒருவர், டீக்கடை வாசலில் தன் கார்பன் சைக்கிளை இவரிடம் நீட்டி, "தூக்கிப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆளை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கேட்பதற்குச் சில கேள்விகள் வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஆரம்பித்தது. இரும்பு ஃபோர்க் போய் கார்பன் ஃபோர்க் வந்தது. அதில் கிட்டத்தட்ட அரைக் கிலோ போயிற்று. கம்பி விளிம்பு டயர் போய், நான்காய் மடித்துப் பையில் போடக்கூடிய டயர் வந்தது. 100 கிராம் இருந்த கறுப்பு ரப்பர் டியூப் போய், 40 கிராம்கூட இல்லாத பிளாஸ்டிக் டியூப் வந்தது. போல்ட்டுகள் டைட்டானியம் ஆயின. "உப்புக்காத்து சார், இரும்பு துரு ஏறிடும்" என்று மனைவியிடம் சொன்ன காரணத்தையே என்னிடமும் சொன்னார். சீட்டுக்கு அடியில் இருக்கும் குழாயில் உள்ளே மறைந்திருக்கிற பகுதி வீண் என்று அதை ரம்பம் போட்டு அறுத்தார். கடைசியில் கம்பெனி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

எடை போடச் சமையலறைத் தராசு போதவில்லை. முழுச் சைக்கிளையும் தொங்கவிட நண்டு வியாபாரியிடம் போனார். பெடல் இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் மாட்டினார். சைக்கிள் உலகத்தில் பெடல் இல்லாமல் எடை சொல்வதுதான் வழக்கமாம். வியாபாரி கொக்கியைப் பிடித்துக்கொண்டே, "கொடுக்கை ஒடிச்சிட்டு நண்டை நிறுத்த மாதிரி இருக்கே" என்றார். முள் 9 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. வியாபாரி அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டு இன்னும் இவர் பர்ஸில் இருக்கிறது.

இரண்டு கிலோ குறைந்தால் என்ன லாபம்? கணக்கு ஒன்றும் ரகசியம் இல்லை. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் போகிறவர் தன் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றைப் பிளக்கவே செலவிடுகிறார். எடை அங்கே உருளும் தடையில் மட்டும்தான் குறுக்கே வரும். இரண்டு கிலோ குறைந்தால் மிச்சமாவது ஒரு வாட் சக்திகூட இருக்காது. மலை ஏறினால் கதை வேறு. எழுபது கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலையில் ஒன்றரை மணி நேரம் மூச்சிறைக்க ஏறுகிறவருக்கு, இந்த இரண்டு கிலோ சுமார் இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தித் தரலாம். ஆனால் நாம் இருப்பது ஏரிக்கரைச் சீமை. மீஞ்சூரிலிருந்து பொன்னேரி, அங்கிருந்து திருப்பாலைவனம், பழவேற்காடு என்று எங்கே மிதித்தாலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்கிற தரை. இந்த வட்டாரத்தில் இவர் ஏறுகிற சிகரங்கள் வேகத்தடைகள். எதிரே வருவது கடல்காற்று. அது தராசுக்குக் கட்டுப்படாது.

இதைச் சொன்னால் எடி மெர்க்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவார். 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரத்தில், ஒரே மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் மிதித்து உலக சாதனை செய்த பெல்ஜியக்காரர். அவர் சைக்கிள் 6 கிலோகூட இல்லை. எடை குறைப்பதற்காக ஹேண்டில்பாரிலும் செயினிலும்கூட ஓட்டை போட்டிருந்தார்கள். எல்லாம் சரி. மெர்க்ஸ் மிதித்தது வட்டமான பந்தயத் தளத்தில். அங்கே குறுக்கே எருமை வராது. பெல்லும் பூட்டும் ஸ்டாண்டும் அவருக்குத் தேவைப்பட்டிருக்காது. சர்வதேச சைக்கிள் சங்கம் 2000ஆம் ஆண்டில், பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி போட்டுவிட்டது. அந்த அளவுக்கும் கீழே போய்விட்ட சைக்கிள்களில் வீரர்கள் வேண்டுமென்றே கனத்தைச் சேர்த்து ஓட்டியதும் உண்டு. இந்தச் செய்தியை இவரிடம் சொன்னபோது, அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்னொரு கதையும் சைக்கிள்காரர்களிடையே உலவுகிறது. பிரெஞ்சு வீரர் ழாக் அன்க்தில் மலை ஏறும்போது, சைக்கிளில் இருக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தன் சட்டையின் முதுகுப்பக்கப் பையில் வைத்துக்கொள்வாராம். சைக்கிள் லேசாகிவிட்டதாக அவருக்குத் திருப்தி. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அன்க்தில் நியாயஸ்தர். கழற்றிய கனத்தைத் தன் முதுகிலேயே சுமந்தார்.

நம் ஆள் கழற்றிய கனம் எங்கே போயிற்று என்று ஒருநாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன்.

ஸ்டாண்டைக் கழற்றினார், சைக்கிள் என் காம்பவுண்டு சுவரில் சாய்ந்தது. போன பொங்கலுக்கு அடித்த வெள்ளையில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. பூட்டு அரைக் கிலோ என்று விட்டுவிட்டார். டீக்கடையில் "சார், ஒரு நிமிஷம் பாத்துக்குங்க" என்று யாரையாவது காவலுக்கு நிறுத்துகிறார். பெல்லைக் கழற்றினார், "சைடு, சைடு!" என்று இவர் போடும் சத்தத்தில் விடியற்காலையில் தெருவே எழுந்துகொள்கிறது. மட்கார்டு கிடையாது, ஐப்பசி கார்த்திகையில் பின்னால் வருகிறவர் முகத்தில் சேறு. லைட் கிடையாது, 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்கும் பிரவே பயணத்துக்குத் தயாராகிறேன் என்று நாலரை மணிக்குக் கிளம்பி, மீன் எடுக்கப் பழவேற்காடு போகும் டிவிஎஸ் எக்ஸ்எல்காரர்களின் வெளிச்சத்திலேயே போகிறார். காற்றுக்கு மறைவும் அவர்கள் முதுகுதான்.

பம்ப்பும் மாற்று டியூபும் கனம். எனவே திருப்பாலைவனத்துக்கு அப்பால் ஒரு வேலிக்காத்தான் முள் ஏறினபோது, இரண்டும் கையில் இல்லை. அங்கே பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரரின் பம்ப் இந்த மெல்லிய வால்வில் மாட்டாது. மாட்டுவதற்குச் சுண்டைக்காய் அளவு பித்தளைத் திருகு ஒன்று வேண்டும். சில கிராம்தான் இருக்கும். அதையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். பிளாஸ்டிக் டியூபில் சாதாரண சொல்யூஷனும் ஒட்டாது. எனக்குப் போன் வந்தது. 9 கிலோ சைக்கிளை மீட்க, 100 கிலோவுக்கு மேல் இருக்கும் என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் போனேன். சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். பொன்னேரி வரும்வரை பேசவில்லை. பாவம், வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆற்றுப் பாலத்தில் என் காதருகே குனிந்து, "பாத்தீங்களா சார், தோள்ல இருக்கிறதே தெரியல" என்றார்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஒன்றைச் சிரிக்க முடியவில்லை. அவர் சைக்கிளில் கேரியர் கிடையாது. ரேஷன் கடைக்கு அவர் மனைவி நடந்து போய், அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார். வழியில் கை மாற்றிக்கொள்ள எங்கள் திண்ணையில் உட்காருவார். தன் வீட்டுக்குள் இவர், கழற்றிய போல்ட்டைத் தராசில் வைத்து "நாலு கிராம், நாலு கிராம்" என்று பூரித்துக்கொண்டிருப்பார். வீட்டில் சைக்கிள் எதற்கு என்று அந்தம்மா கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மகள் பிளஸ் ஒன் சேர்ந்ததும் அரசு இலவச சைக்கிள் வந்தது. அதை ஒற்றை விரலால் தூக்க முடியாது. இரண்டு கையால் தூக்கினாலே முதுகு பேசும். கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, பூட்டு, முன்னால் கூடை என்று எல்லாம் உண்டு. இப்போது அரிசிப் பை அதில்தான் வருகிறது. இவர் கழற்றிப்போட்ட பெல்லும் அதில்தான் ஒலிக்கிறது. பாட்டில் ஸ்டாண்டும் பின்பக்கச் சிவப்பு லைட்டும் தெருவில் உள்ள மற்ற பிள்ளைகளின் சைக்கிள்களுக்குப் போயின.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஞாயிறு சாயங்காலம் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக வந்து இவர் வாசலில் நிற்பார்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ரிம்மில் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுப்பார். ஒரு பைசா வாங்க மாட்டார். அந்த வேலை நடக்கும்போது எடை பற்றி ஒரு வார்த்தை வராது. பிள்ளைகளில் யாரையும் தன் சைக்கிளைத் தூக்கச் சொன்னதும் கிடையாது. ஒரு வாண்டு தானாகவே தூக்கிப் பார்த்து, "அங்கிள், உடைஞ்சிடாதா?" என்று கேட்டபோது மட்டும் முகம் கொஞ்சம் வாடியது.

இவ்வளவு நல்ல மனுஷரைத் திட்ட எனக்கும் இஷ்டமில்லை. ஆனால் என் பம்ப் அவரிடம் போய் மாதக்கணக்கில் ஆகிறது. நின்று மிதிக்கும் பெரிய பம்ப், அந்த மெல்லிய வால்வுக்கும் பொருந்தும் தலை உள்ளது, அவருக்காகவே தேடி வாங்கினேன். சென்ற வாரம் கேட்டேன். தருகிறேன் என்று சொல்லவில்லை. "நிறுத்துப் பாத்தேன் சார். ஒண்ணே முக்கால் கிலோ. இவ்வளவு கனமா எதுக்கு வாங்கினீங்க? உங்க வீட்டுக்கு எடுத்துட்டு வர்றதே கஷ்டம்" என்றார்.

பொன்னேரி பஜாரில் சைக்கிள் கடை இருக்கிறது. சொன்னால் பம்ப் வரவழைத்துத் தருவார்கள். காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். என்னுடையது ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். கனமாக இருந்தால் மகளின் சைக்கிளில் கட்டி அனுப்பட்டும், அதில் கேரியர் இருக்கிறது.