மாமனை மிரட்டக் கட்டிய கப்பல்

தாய்மாமன் மரியாதை சரியில்லை என்று முறுக்கிக்கொள்ளும் மருமகன்களை எல்லாக் கல்யாணத்திலும் பார்த்திருப்போம். பந்தியில் உட்கார மாட்டான், போட்டோவுக்கு வர மாட்டான். ஜெர்மனியின் கடைசிப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அப்படியொரு மருமகன். கையில் ஒரு நாட்டுக் கஜானா இருந்ததால், பந்தியைப் புறக்கணிப்பதோடு நிற்காமல் போர்க்கப்பல் கட்டினார்.

உறவுமுறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் குழம்பும். இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணிக்கு இவர் மூத்த மகள் வயிற்றுப் பேரன்; பேரப்பிள்ளைகளில் தலைச்சன். பிற்பாடு ஏழாம் எட்வர்ட் ஆன இளவரசர் சொந்தத் தாய்மாமன். ஐந்தாம் ஜார்ஜ் மாமன் மகன். ரஷ்ய ஜார் இரண்டாம் நிக்கோலஸ், சித்தி மகளைக் கட்டிய வகையில் தங்கச்சி மாப்பிள்ளை. முதல் உலகப் போரைப் பங்காளிச் சண்டை என்றால் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். முறைப்படி அது சம்பந்திச் சண்டை.

1889இல் பாட்டி ஒரு தவறு செய்தார். பேரனுக்கு பிரிட்டிஷ் கடற்படையின் கௌரவ அட்மிரல் பட்டமும் உடுப்பும் கொடுத்தார். அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை என்பது பாட்டியின் கணக்கு. பேரனோ கடற்படைத் தளபதி நெல்சன் போட்ட உடுப்பாயிற்றே என்று பூரித்துப்போய், பிரிட்டிஷ் கடற்படையை எப்படி நடத்த வேண்டும் என்று பிரிட்டிஷ்காரர்களுக்கே யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கோடை வந்தால் வைட் தீவில் கௌஸ் படகுப் பந்தயம். மாமனுக்கு அதுதான் ஊர், உலகம், எல்லாம். அங்கேயும் மருமகன் வந்து நின்றார். மாமனின் ‘பிரிட்டானியா’ ஜெயித்துக்கொண்டே இருந்தது பொறுக்கவில்லை. பிரிட்டானியாவை வரைந்த அதே ஆளைப் பிடித்து, அதைவிடப் பெரிதாக ‘மீட்டியோர்’ என்று ஒரு படகை 1896இல் இறக்கினார். மாமன் மறுவருஷம் தன் படகை விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பெரிதாகக் கட்டினால் மாமன் ஒதுங்கிவிடுவார் என்கிற பாடத்தை வில்ஹெல்ம் அங்கேதான் படித்தார் என்பது என் சந்தேகம். ஆவணம் கேட்காதீர்கள்.

மாமனுக்குப் பந்தயப் படகு பொழுதுபோக்கு. பிரிட்டனுக்குக் கடற்படை என்பது சோறு. தீவு நாடு, சாப்பாட்டில் பெரும்பகுதி கப்பலில்தான் வர வேண்டும். தனக்கு அடுத்த இரண்டு நாடுகளின் கடற்படைகளைச் சேர்த்து நிறுத்தினாலும் தன்னுடையது குறையக் கூடாது என்று 1889லேயே விதி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

1897இல் ஜெர்மனியின் கடற்படை அமைச்சராக வந்தார் டிர்பிட்ஸ். தாடி இரண்டாகப் பிளந்திருக்கும். பேச்சு ஒன்றேதான், கப்பல். அவருடைய சித்தாந்தம் இது: பிரிட்டனை ஜெயிக்கிற அளவுக்குக் கப்பல் வேண்டாம். நம்மோடு மோதினால் தாங்களும் அடிபட்டு, அந்த நேரம் பார்த்து மூன்றாவது ஆள் வந்து மொத்திவிடுவானோ என்று அவர்கள் பயப்படுகிற அளவுக்கு இருந்தால் போதும். பயந்தால் நட்புக்கு வருவார்கள். அதாவது, எதிர்வீட்டுக்காரன் சம்பந்தம் பேச வர வேண்டும் என்பதற்காக அவன் வாசலில் உட்கார்ந்து தினமும் அரிவாள் தீட்டுவது.

1898 சட்டத்தில் 19 போர்க்கப்பல்கள். 1900இல் அது 38 ஆனது. ஒரு கப்பலுக்கு வயதாகிவிட்டால் தானாகவே புதுக்கப்பல் கட்ட வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவிட்டார் டிர்பிட்ஸ். வருஷாவருஷம் நாடாளுமன்றம் கணக்குக் கேட்டுக் குறைக்க வழியில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வெளியுறவுக் கொள்கைக்காகத்தான் படை என்று ஊரெல்லாம் சொல்வார்கள். பெர்லினில் படைக்கு வெளியுறவுத் துறை எடுபிடி ஆனது. கப்பல்கள் தயாராகும்வரை பிரிட்டன் கோபப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கப்பலுக்குப் பணம் வருவதற்காக பிரிட்டன் மிரட்டுகிறது என்று ஜனங்களிடம் சொல்லிக்கொண்டும் இருக்க வேண்டும். இந்த வேலைக்கு எந்தத் தூதரும் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கட்டுப்படியாகாது.

எதிர்வீட்டுக்காரன் சம்பந்தம் பேசக் கிளம்பினான், மற்ற எல்லா வீடுகளுக்கும். 1902இல் ஜப்பான். 1904இல் ஜென்ம விரோதியான பிரான்ஸ். 1907இல் ரஷ்யா. யாரோடும் ஒட்டாமல் இருப்பதையே பெருமையாக வைத்திருந்த நாடு, ஐந்தே வருஷத்தில் தெரு முழுக்கத் தாம்பூலம் மாற்றிவிட்டது. மருமகனோ தன்னை எல்லோரும் சுற்றி வளைக்கிறார்கள் என்று புலம்பினார். சுற்றி வளைத்தது என்னவோ உண்மைதான். அழைப்பிதழ் அடித்தது அவர்.

1906இல் பிரிட்டன் ‘டிரெட்நாட்’டை இறக்கியது. பத்துப் பெரிய பீரங்கிகள், டர்பைன் எஞ்சின். ஒரே நாளில் உலகத்துப் போர்க்கப்பல் எல்லாம் பழைய இரும்பு, பிரிட்டனுடையது உட்பட. பந்தயம் முதல் கோட்டிலிருந்து மறுபடி ஆரம்பம். டிர்பிட்ஸும் அதே மாதிரி கட்டக் கிளம்பினார். அப்புறம்தான் தெரிந்தது, அவ்வளவு பெரிய கப்பல் ஜெர்மனியின் கீல் கால்வாய்க்குள் நுழையாது என்று. 1895இல் திறப்புவிழா நடத்திய கால்வாயை 1907இலிருந்து ஏழு வருஷம் அகலப்படுத்தினார்கள். வண்டி வாங்கிய பிறகு வாசலை இடிப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல.

1908இல் வில்ஹெல்ம் சமாதானம் செய்யப் புறப்பட்டார். ‘டெய்லி டெலிகிராப்’ பத்திரிகையில் அவர் பேச்சு வந்தது: நான்தான் உங்கள் நண்பன், அது புரியாத ஆங்கிலேயர்களான உங்களுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. நட்பைத் தெரிவிக்க இப்படியும் ஒரு முறை. லண்டன் சிரித்தது, பெர்லின் தலையில் அடித்துக்கொண்டது. பிரசுரத்துக்கு முன் சரிபார்க்க வேண்டிய சான்சலர் பூலோ, தான் படிக்கவே இல்லை என்று சொல்லித் தப்பித்தார். மறுவருஷம் வரித் தகராறில் அவர் பதவியும் போனது. கப்பலுக்குக் காசு வேண்டும், நிலப்பிரபுக்கள் வாரிசு வரி கட்ட மாட்டோம் என்றார்கள்.

லண்டனிலும் அதே கூத்து. கடற்படைத் துறை ஆறு கப்பல் கேட்டது, சிக்கனம் பேசிய அமைச்சர்கள் நான்கு போதும் என்றார்கள், தெருவில் ஜனங்கள் எட்டு வேண்டும் என்று கத்தினார்கள். கட்டியது எட்டு.

1914 ஜூன் 28. கீலில் படகுப் பந்தயம். அகலப்படுத்திய கால்வாயைச் சில நாள் முன்புதான் திறந்திருந்தார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல்களே விருந்தாளியாக வந்து நின்றன. வில்ஹெல்ம் தன் பந்தயப் படகில் இருந்தபோது விசைப்படகில் வந்தவர், ஒரு துண்டுச் சீட்டை சிகரெட் பெட்டிக்குள் வைத்து மேலே எறிந்தார். சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுக் கொன்றுவிட்ட செய்தி.

போர் வந்தது. அத்தனை பாடுபட்டுக் கட்டிய கப்பல்கள் பெரும்பாலும் துறைமுகத்தில் நின்றன. உடைந்துவிட்டால்? 1916இல் ஜட்லாண்டில் ஒருமுறை மோதி, பிரிட்டனுக்கு அதிக சேதம் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து மறுபடி நின்றன. பிரிட்டிஷ் முற்றுகை விலகவில்லை. 1918 அக்டோபர் கடைசியில் கௌரவத்துக்காக ஒருமுறை போய்ச் செத்து வாருங்கள் என்று உத்தரவு வர, மாலுமிகள் மாட்டோம் என்றார்கள். கீலில் கலகம் வெடித்தது. சில நாளில் வில்ஹெல்மின் முடி இறங்கியது. பேரரசரைக் கவிழ்த்தது அவர் செல்லமாக வளர்த்த கடற்படையே. மீதியுள்ள வாழ்நாளை நெதர்லாந்தில் விறகு வெட்டிக் கழித்தார். சரணடைந்த கப்பல்களை 1919 ஜூனில் பிரிட்டனின் ஸ்காப்பா ஃப்ளோவில் ஜெர்மன் மாலுமிகளே ஓட்டை போட்டு மூழ்கடித்தார்கள். ஒரே நாளில் 52.

இந்தக் கடற்படையில் டிர்பிட்ஸ் பொருட்படுத்தாத ரகத்தில் ஒரு சின்னக் கப்பல் சீனக் கரையோரம் கிடந்தது. அது 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்துக்கு வந்து, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஓர் ஆஸ்திரேலியக் கப்பல் அதை முடித்தது. சரியாக நான்கு வருஷம் கழித்து, அதே நவம்பர் 9இல்தான் வில்ஹெல்மின் பதவியும் போனது. அந்தச் சின்னக் கப்பலின் பெயர் எம்டன். ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் சொல்கிறோமே, அந்த எம்டன். குண்டு விழுந்த இடத்தில் உயர் நீதிமன்றச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். பாரிமுனைப் பக்கம் போனால் நின்று பாருங்கள்.