வெங்காய மூட்டையும் வீல் டிரைவும்

குரும்பலூரில் ஒருவன் கார் வாங்கப்போகிறான் என்று தெரிந்தால் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன விலை?" இரண்டாவது கேள்வி, "யாரு பணம்?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் மைலேஜ், நிறம் எல்லாம். கடைசியில் துறையூர் ரோட்டு டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்பார்: "அது சரி, முன்னாடி இழுக்குற வண்டியா, பின்னாடி தள்ளுற வண்டியா?" அவ்வளவுதான், கடை இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். சமீப காலமாக மூன்று.

வேலையற்றவர்களின் விவாதம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பெரம்பலூர் நகருக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற அரியலூருக்குப் போகவேண்டும், அங்கே போவதற்கு ஒரு வண்டி ஏறவேண்டும். டி.என். 46 என்று பலகை மாட்டிய மாவட்டத்துக்காரன் சக்கரத்தைப் பற்றி யோசிக்காமல் வேறு எதைப் பற்றி யோசிப்பான்?

பின்னாடி தள்ளும் கட்சிக்கு நிரந்தரத் தலைவர் என் பெரியப்பா. அம்பாசிடர் வைத்திருந்தவர். "முன் சக்கரத்துக்குத் திரும்புற வேலை, பின் சக்கரத்துக்கு ஓடுற வேலை. ஆளுக்கு ஒரு வேலை குடுத்தாத்தான் உருப்படியா நடக்கும்" என்பது அவருடைய சித்தாந்தம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் பார்வை என் பக்கம் திரும்புவது தற்செயல் என்றே நம்பிவருகிறேன்.

சித்தாந்தத்தில் பிழையில்லை. பென்ஸும் பி.எம்.டபிள்யூவும் பல காலம் அதை நம்பித்தான் வண்டி செய்தார்கள். ஆனால் எஞ்சின் முன்னால் இருந்து, ஓடவேண்டிய சக்கரம் பின்னால் இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஒரு நீளமான தண்டு சுழன்றாகவேண்டும். எங்கள் மெக்கானிக்குகள் வாயில் அது 'பிராப்ளர் ஷாஃப்ட்'. அது போவதற்கு வழிவிட்டு காரின் தரை நடுவில் முதுகு தூக்கியிருக்கும். பின் சீட்டில் அந்த மேட்டுக்கு நேராக யார் உட்காருவது என்பதில் எங்கள் குடும்பத்தில் விவாதமே கிடையாது. கடைக்குட்டி, அதாவது நான். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும் என்பதால் பெரியப்பா குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே நாளில், ஒரே வண்டியில் கிளம்பும். முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட, அம்மன் சன்னதி வரும்வரை நான் அந்த மேட்டின்மேல் தவமிருப்பேன். ரியர் வீல் டிரைவை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரியப்பாவின் அம்பாசிடருக்குத் தாய்வீடு இங்கிலாந்து. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் மறுபிறவி அது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை 1950களின் கடைசியில் ஆரம்பித்து 2014 வரை விடாமல் செய்துகொண்டிருந்தது. ஆனால் அங்கே இங்கிலாந்தில் 1959இலேயே, அதே மோரிஸ் பெயரை ஒட்டிக்கொண்டு மினி வந்துவிட்டது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர் எஞ்சினைத் தூக்கிக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸை அதற்கு அடியில் சொருகி, முன் சக்கரத்தையே ஓடவும் வைத்தார். வண்டியின் மொத்த நீளம் பத்தடி. அதில் எண்பது சதவீதத் தரை ஆட்களுக்கும் மூட்டைகளுக்கும். தண்டு இல்லை, அதற்கான மேடும் இல்லை. இங்கிலாந்துக் கடைக்குட்டிகள் அன்றே விடுதலை பெற்றார்கள். நமக்கு 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை பொறுக்க வேண்டியிருந்தது.

மாருதி ஊருக்குள் வந்தபோது பெரியப்பா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இழுக்குறதும் அதுவே, திரும்புறதும் அதுவேன்னா முன் சக்கரம் எத்தனையத்தான் தாங்கும்?" என்றார். எதிர்க்கட்சியில் இருந்த மெக்கானிக் அண்ணன் சும்மா இருப்பாரா? "மாட்டை வண்டிக்கு முன்னாடிதானே பூட்டுறீங்க? பின்னாடி பூட்டித் தள்ளச் சொல்றீங்களா?" என்றார். டீக்கடையே அதிர்ந்தது. பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாட்டுக்குச் சக்கரமாடா இருக்கு?" என்றார். அந்தச் சுற்றில் யார் ஜெயித்தார் என்று இன்னமும் தீர்ப்பு வரவில்லை.

முன்னாடி இழுக்கும் வண்டிக்கு உண்மையான பலம் மாட்டில் இல்லை, எடையில் இருக்கிறது. எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் முன் சக்கரத்தின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஆள் ஏறாத வண்டியில் மொத்த எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் அங்கேதான். எந்தச் சக்கரத்தின்மேல் பாரம் இருக்கிறதோ அந்தச் சக்கரம்தான் தரையைப் பிடிக்கும். சங்கதி இவ்வளவுதான். இதைச் சொல்ல கம்பெனிக்காரர்கள் வழவழப்பான தாளில் பத்துப் பக்கம் அச்சடிக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு வெங்காய மூட்டை போதும்.

சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி மூன்றும் எங்கள் மாவட்டத்தின் அடையாளம். மூன்றுக்கும் பிடித்தது கரிசல் மண். கோடையில் காலை விட்டால் வெளியே எடுக்கமுடியாதபடி வெடித்துக் கிடக்கும் இந்த மண், ஐப்பசியில் இரண்டு மழை பெய்ததும் செருப்போடு ஒரு கிலோ, டயரோடு பத்துக் கிலோ என்று கூடவே கிளம்பிவிடும். டயரின் வெட்டுக்களில் கரிசல் அப்பிக்கொண்டால் புது டயரும் வழுக்கை டயரும் ஒன்றுதான். இந்த நேரத்தில்தான் சொந்தக்காரர்களுக்குக் காட்டில் கிடக்கும் வெங்காயத்தின்மேல் பாசம் வரும்.

அம்பாசிடரில் வருவார்கள். வெறும் வண்டியாக வரும்போது பின் சக்கரம் சேற்றில் வழுக்கும். டிக்கியில் நான்கு மூட்டை ஏற்றியதும் பாரம் முழுக்கப் பின் சக்கரத்தின்மேல் இறங்கி, உறுமிக்கொண்டு மேலேறிவிடும். மாருதிக்காரர் கதை நேர் எதிர். வரும்போது அலுங்காமல் குலுங்காமல் வருவார். பெரியப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்புகூடச் சிரிப்பார். அவர் டிக்கியிலும் அதே நான்கு மூட்டையை ஏற்றுங்கள். பின்பக்கம் தாழும், முன்பக்கம் தூக்கும். கரைமேட்டில் ஏறும்போது இருக்கிற கொஞ்சப் பாரமும் பின்னால் சரியும். முன் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்று, பின்னால் தள்ள நிற்பவர்களுக்குச் சேற்றால் அபிஷேகம் செய்யும். "ரிவர்ஸ்ல ஏத்துப்பா" என்று ஓர் அனுபவசாலி அப்போது குரல் கொடுப்பார். ஆளைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, அவர் சொல்வது சுத்தமான அறிவியல். பின்னோக்கி ஏறும்போது இழுக்கும் சக்கரம் பள்ளத்துப் பக்கம் வந்து, பாரம் அதன்மேல் விழுகிறது. (அமெரிக்காவில் ஃபோர்டு மாடல் டி காரையும் செங்குத்தான மேட்டில் ரிவர்ஸில்தான் ஏற்றினார்களாம். அதற்குக் காரணம் வேறு: பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்கு இறங்கவேண்டிய அமைப்பு, முன்பக்கம் தூக்கினால் இறங்காது.)

இந்தக் கணக்கின்படி பார்த்தால் வெங்காய விவசாயிக்கென்றே அளந்து செய்த கார் டாடா நானோதான். எஞ்சினும் பின்னால், ஓடும் சக்கரமும் பின்னால், பாரமும் பின்னால். 2009இல் வந்தது. ஆனால் 2015இல் ஜென்எக்ஸ் வரும்வரை அதற்குத் திறக்கிற டிக்கிக் கதவே வைக்கவில்லை. மூட்டையைப் பின் சீட்டைத் தாண்டித்தான் இறக்கவேண்டும். மாருதி ஆம்னி இன்னொரு ரகம். பின் சக்கரம்தான் ஓட்டும், ஆனால் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். சித்திரை மாதத்தில் டிரைவருக்கு ஒத்தடம் இலவசம்.

மாட்டிக்கொண்ட வண்டியை உற்றுப் பார்த்தால் இன்னொரு உண்மையும் தெரியும். இரண்டு சக்கரம் ஓட்டுவதாகச் சொன்னார்களே, சேற்றில் ஒன்றுதான் தறிகெட்டுச் சுழலும். மற்றது திண்ணையில் உட்கார்ந்த மாமனாரைப் போல அசையாது. அது டிஃபரன்ஷியலின் குணம். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும் என்பதற்காக அதை வைத்தார்கள். அது இரண்டு பக்கமும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். வழுக்கும் சக்கரத்தைச் சுற்ற விசையே வேண்டாம் என்பதால், கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் ஒன்றும் போய்ச்சேராது. டிராக்டரில் இதற்கென்று ஒரு மிதி இருக்கிறது. டிஃபரன்ஷியல் லாக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். அது போதாதென்று பின் டயருக்குள் தண்ணீர் நிரப்பிப் பாரம் ஏற்றுகிறவர்களும் உண்டு. காரில் அந்த மிதி இல்லாததால் சக்கரத்துக்கு அடியில் மக்காச்சோளத் தட்டையையும் பருத்திமாரையும் திணிக்கிறோம்.

இந்த இடத்தில்தான் மூன்றாவது கட்சி மைக்கைப் பிடிக்கும். அதன் தலைவன் என் மச்சான். சென்னையில் ஓ.எம்.ஆரில் வேலை. "மாமா, ஆல் வீல் டிரைவ் எடுங்க. நாலு சக்கரமும் ஓட்டும். 1980ல வந்த ஆடி குவாட்ரோ ராலியையே புரட்டிப் போட்டுச்சு" என்பான். உண்மைதான். பனி கொட்டும் நாடுகளில் அது வரப்பிரசாதம். அவனுடைய கார் ஏறிய அதிகபட்ச மேடு வேளச்சேரி மேம்பாலம். புயல் எச்சரிக்கை வந்தால் அந்தப் பக்கத்து மக்கள் காரைக் கொண்டுபோய் அந்தப் பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்துகிறார்கள். ஃப்ரன்ட் வீல், ரியர் வீல், ஆல் வீல் என்ற பேதமெல்லாம் அங்கே கிடையாது.

மச்சான் 'ஃபோர் பை ஃபோர்' என்பதையும் 'ஆல் வீல்' என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவான். பழைய ஜீப் வகை ஃபோர் பை ஃபோரில் கம்பியை இழுத்துவிட்டால் முன் அச்சும் பின் அச்சும் கட்டிப்போட்ட மாதிரி ஒரே வேகத்தில் சுற்றும். சேற்றில் அது பெரும் துணை. காய்ந்த தார் ரோட்டில் அப்படியே திரும்பினால் டயர் தேயும், கியர் முறுக்கிக்கொள்ளும். ஆல் வீல் டிரைவில் எந்த அச்சுக்கு எவ்வளவு என்று வண்டியே பார்த்துப் பங்கிடும். சுகம்தான். விலையும் எடையும் கூடும், டீசலும் கொஞ்சம் கூடக் குடிக்கும். 2020இல் புது 'தார்' வண்டி வந்தபோது ஃபோர் பை ஃபோராக மட்டுமே விற்ற மகிந்திராவே 2023 ஜனவரியில் பின் சக்கரம் மட்டும் ஓட்டும் தாரை, குறைந்த விலையில் கொண்டுவந்தது. வாங்குகிறவர்களில் பலர் சேற்றுப் பக்கம் போவதேயில்லை என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

மச்சானிடம் சொல்லிச் சலித்த ஒரு விஷயத்தை உங்களிடமும் சொல்கிறேன். ஆல் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கிறது. மழை பெய்த சென்னை–திருச்சி நாற்கரச் சாலையில், குறுக்கே ஒரு டிப்பர் லாரி திரும்பும்போது, உங்களைக் காப்பது டயர். அதைத் தேடி ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ போகவேண்டியதில்லை. நம் மாவட்டத்து நாரணமங்கலத்திலேயே எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. 1946இல் சென்னையில் விளையாட்டு பலூன் செய்து பிழைக்க ஆரம்பித்த கம்பெனி அது.

ஆகவே என் தீர்ப்பு: பெரம்பலூர் கடைவீதி, திருச்சி ஆஸ்பத்திரி, சிறுவாச்சூர் கோயில் என்று ஓடுகிறவருக்கு முன்னாடி இழுக்கும் வண்டியே உத்தமம். தரை சமமாக இருக்கும், விலை குறைவு, கடைக்குட்டி வாழ்த்துவான். திருப்பும்போது முன் சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மட்டும் சி.வி. ஜாயின்ட்டை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். தினம் ஏழெட்டுப் பேரும் மூட்டையும் ஏற்றுகிறவருக்குப் பின்னாடி தள்ளுவது. ஆல் வீல் டிரைவ்தான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்கள் தாராளமாக வாங்குங்கள். ஐப்பசி மழையில் எங்கள் காட்டுக்கு வருவதாக இருந்தால் கயிறு மட்டும் கொண்டுவாருங்கள். டிராக்டர் எங்களிடம் இருக்கிறது.