கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பச்சைச் சட்டை

டேய் பேராண்டி, ஏணியை விட்டு இறங்கு. நேத்து ராத்திரி உன் கூரையில விளக்கா நின்ன கிறிஸ்துமஸ் தாத்தாவை நானும் பார்த்தேன். பச்சைச் சட்டை! பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா, உங்க நாட்டுல இவருக்குப் பச்சைதான் வழக்கமான்னு மரியாதையாக் கேட்டுட்டுப் போகுது. ஆமா தாயி, எங்க ஊர்ல அவரு விவசாயச் சங்கத்துல இருக்காருன்னு சொல்லி உன் மானத்தைக் காப்பாத்தினேன்.

பான்சன்பியில ஃபிராங்ளின் ரோட்டுக் கிறிஸ்துமஸ் விளக்கைப் பார்த்துட்டு வந்ததுல இருந்து உனக்குக் கால் தரையில இல்ல. மூணு நாளா வயரை மாத்துற, விளக்குப் பெட்டி செஞ்சவனைத் திட்டுற. கோளாறு உன் கூட்டல்ல இருக்குடா. ரெண்டு டிகிரி வாங்கினவனாச்சேன்னு மெதுவாச் சொல்றேன்.

நம்ம மேலூர்ப் பக்கம் முறைத்தண்ணி தெரியுமா? வாய்க்கால் எல்லா வயலையும் உரசிக்கிட்டுத்தான் ஓடும். ஆனா அவனவன் முறை வந்தாத்தான் நீர்ப்பாய்ச்சி மடையைத் திறப்பான். உன் லேப்டாப்புல இருந்து போற வயரும் ஒரு வாய்க்கால்தான். 1986-ல அமெரிக்காவுல நாடக மேடை விளக்குக்காக டிஎம்எக்ஸ் 512-ன்னு வகுத்து வச்சாங்க. ஒரு வாய்க்காலுக்கு 512 முறை, அதைத்தான் சேனல்னு சொல்றாங்க. முழுசா ஓடினாலும் நொடிக்கு நாற்பது தடவைக்கு மேல ஒண்ணுல இருந்து கடைசி வரைக்கும் ஓடி முடிஞ்சிரும். பெட்டிங்க அத்தனையும் எண்ணிக்கிட்டே இருக்கும். தன் நம்பர் வந்ததும் மடையைத் திறக்கும். அந்த நம்பர்தான் ஸ்டார்ட் அட்ரஸ்.

அந்தக் காலத்துல நம்ம ஊர் மைக் செட்டுக்காரனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மோட்டார் சுத்துற உருளையில பித்தளைத் தகடு அடிச்சிருப்பான். தகடு எங்க உரசுதோ அங்க சீரியல் செட்டு எரியும். அவன் ஆணி அடிச்ச இடம்தான் அட்ரஸ்.

உன் பெட்டிக்கு 27 சேனல். ஒன்பது விளக்கு, ஒவ்வொண்ணுக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு. மொதப் பெட்டி 1-ல ஆரம்பிச்சு 27-ல முடியுது. ரெண்டாவதுக்கு நீ என்ன வச்ச? 27! முந்தினவனோட கடைசி நீலம் இவன் சிவப்பு வயர்ல வந்து விழுது. இவனுக்கு வர வேண்டிய சிவப்பு பச்சையில விழுது. எல்லாம் ஒரு வீடு தள்ளிக் குடியேறிருச்சு. எங்க ஊர்ல அடுத்தவன் முறையில மடையைத் திறந்தா மண்வெட்டி பேசும். இங்க தாத்தா சட்டையோட போச்சு. 1860-ல காவல் கோட்டை கட்டினதால பிளாக்ஹவுஸ் பேன்னு பேர் வந்த ஊருடா இது. இங்க இருந்துக்கிட்டு ரெண்டு பெட்டிக்கு நடுவுல ஒரு எல்லைக்கல்லு நடத் தெரியல உனக்கு.

ரெண்டாவதுக்கு 28 வை. மூணாவதுக்கு 55. இப்படியே 18 பெட்டி போகும். மிச்சம் 26, ஒண்ணு குறையுது. பத்தொன்பதாவது பெட்டி ஆசை வந்தா வேற வாய்க்கால் வெட்டிக்க.

பெட்டியில பல்லு மாதிரி வரிசையா இருக்கே, நம்பர் வைக்கிற அந்தப் பொடிச் சுவிட்சைப் பார்த்துத்தானே மிரண்ட? 1, 2, 4, 8, 16-ன்னு ஒண்ணுக்கொண்ணு இரட்டிப்பு. கம்ப்யூட்டர்க்காரன் வித்தைன்னு நினைச்சுராத. உன் அப்பத்தா நெல் அளந்த கணக்கு. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. மொதச் சுவிட்சு ஆழாக்கு, நாலாவது படி, அஞ்சாவது ரெண்டு படி. 28 ஆழாக்கு வேணும்னா ரெண்டு படி, ஒரு படி, ஒரு உரி. கைநாட்டு வைக்கிற கிழவி கண்ணை மூடிக்கிட்டு அளந்து போடுவா. 27-ல கிடக்குற உன் பெட்டியில மொத ரெண்டையும் இறக்கு, மூணாவதை ஏத்து. நாலும் அஞ்சும் ஏற்கெனவே மேலதான் இருக்கு.

கடைமடையில தண்ணி முட்டித் திரும்புற மாதிரி வயர் முனையில சிக்னலும் திரும்பும். கடைசிப் பெட்டியில 120 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு மாட்டு. கரண்டை நிறுத்திட்டு நம்பரை மாத்து, சில பெட்டி அணைச்சுப் போட்டாத்தான் புது நம்பரைப் படிக்கும். மாத்தினதை மூடி மேல எழுதி ஒட்டு.

டிசம்பர்ல இங்க பொழுது சாய எட்டரை தாண்டிரும். நேரம் கிடக்கு. ஏறு, ஏணியை நான் புடிச்சுக்கிறேன்.