அரைக் கட்டை

எண் 212-ல் நிறுத்த வேண்டும். பெரியப்பாவின் கேசட் பிளேயரில் ஓடும் நாடாவை அங்கே பிடித்துவிட்டால் சராபாந்த் தலையிலிருந்து தொடங்கும். ஓர் எண் முந்தினாலும் முந்தைய நடனத்தின் வால் கேட்கும். நாயனக்காரர் முகம் சுளிப்பார். பிடிப்பது என் வேலை. 1994-ல் எனக்குப் பதினான்கு வயது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜொகூர் பாருவில் பெரியப்பா வீட்டு முன்கூடத்தில் மூன்று பேர் கூடுவார்கள். பெரியப்பா குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் முப்பது வருடம் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளின் தொடக்கத்தில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக ஊர் திரும்பியபோது, ஒரு துரை தன் இசைத்தட்டிலிருந்து நாடாவில் ஏற்றி அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய ஐந்தாவது தனிச் செல்லோ தொகுப்பு; சராபாந்த் அதில் ஒரு நடனம். வாசித்தவர் பாப்லோ கசல்ஸ். உறையில் பெரியப்பா பென்சிலால் ‘கசல்ஸ்’ என்று எழுதியிருந்தார். அந்தப் பெயரால்தான் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக் சிக் உள்ளே வந்தார். ஹார்மோனியம், தபேலா, வயலின், கம்புஸ் சேர்த்துப் பாடும் ஜொகூர் கஸலில் ஊறிய மனிதர் அவர். பெரியப்பா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று “கசல்ஸ் கேக்கிறோம்” என்று சொன்னதைக் கஸல் என்று எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வேறெதுவோ ஒலித்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை.

நாயனக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்து கோயிலில் வாசித்துக்கொண்டிருந்தார். முதல் முறை கேட்டதும், “கீரவாணி மாதிரி கிளம்புது, டிரசரய்யா. அப்புறம் எங்கேயோ போயிட்டு வருது” என்றார். அது நடனத்துக்கான உருப்படி என்று பெரியப்பா சொன்னபோது அவர் நம்பவே இல்லை. இருபதே சுற்றுகள், எட்டு ஒரு பாதி, பன்னிரண்டு மறுபாதி, ஒவ்வொன்றும் இருமுறை. ஒரே தந்திக் குரல்தான். இரண்டு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. இதற்கு யார் ஆடுவார்கள்? ஆலாபனை இது, தாளம் கிடையாது என்பது அவர் கட்சி. பாக் சிக் வாயால் வாதாடவில்லை. நாற்காலியின் மரக் கையில் மோதிர விரலால் மெல்லத் தட்டிக் காட்டினார். மூன்றடித் தாளம். பெரும்பாலான சுற்றுகளில் மூன்றாம் அடியில் ஒரு நீண்ட ஸ்வரம் வந்து நிற்கும். அங்கேதான் அவர் மோதிரம் விழும்.

பெரியப்பா எங்கோ தேடிப் படித்துவிட்டு ஒரு வாரம் புதுச் செய்தியோடு வந்தார். சராபாந்த் ஆதியில் வேகமான, துள்ளலான ஆட்டம். ஆபாசம் என்று ஸ்பெயினில் 1583-ல் தடை போட்டார்கள். பிறகு பிரெஞ்சு அரசவைக்குப் போய் நடை தளர்ந்து, கம்பீரமாகி, பாக் கைக்கு வந்தபோது ஆடுவதற்கில்லாமல் கேட்பதற்கே உரியதாகிவிட்டது. நாயனக்காரர் நெடுநேரம் பேசவில்லை. “எங்க ஊர்ச் சின்ன மேளத்துக்கும் இதே கதைதான்” என்றார் கடைசியில். சதிராட்டம் ஆடிய வீட்டுப் பெண்கள் அவருடைய உறவிலேயே இருந்தார்கள். கோயில் பொட்டுக்கட்டை ஒழித்த 1947 மதராஸ் சட்டத்துக்குப் பிறகு அவர்கள் சலங்கை கட்டவில்லை. அதே ஆட்டம் வேறு பெயரில் வேறு வீட்டுப் பிள்ளைகளின் அரங்கேற்றமானதை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து அவர் தாளம் இல்லை என்று சொல்வதை விட்டுவிட்டார்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வாசிப்பு. இரண்டாவது வந்தது வானொலியில். சிங்கப்பூரின் 92.4 பண்பலை நீரிணையைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் தெளிவாக விழும். ஒரு ஞாயிறு இரவு அதே கசல்ஸ், அதே சராபாந்த். நால்வரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். முதல் ஸ்வரமே உயரத்தில் நின்றது. நடையும் ஒரு பிடி வேகம். நாயனக்காரர் போய்ச் சுருதிப்பெட்டியைக் கொண்டுவந்தார். வானொலி சரியாக ஒரு கட்டையில் இருந்தது. நாடாவை ஓட்டிப் பார்த்தார்; அரைக் கட்டை கீழே. நீண்ட ஸ்வரங்களில் வந்த மெல்லிய அசைவு வானொலியில் இல்லை. பிளேயரின் பெல்ட் தளர்ந்து மோட்டார் சோர்ந்து ஓடியதன் அசைவு அது. கசல்ஸ் வாசிக்காத கமகம் ஒன்றை நாங்கள் மூன்று வருடமாகப் புகழ்ந்திருந்தோம்.

“ரேடியோக்காரன்தான் வேகமா ஓட்டுறான்” என்றார் பெரியப்பா.

“உங்க பெட்டி கெட்டுப்போச்சு, பெரியப்பா” என்றேன் நான். எல்லோர் முன்னாலும், சத்தமாக.

நாயனக்காரர் அவசரமாகக் குறுக்கே வந்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வரும்வரை நாயனம் என்றால் குட்டையான திமிரிதான், நாலு கட்டைக்கு மேல். அவர் நரசிங்கம்பேட்டை ஆசாரியைக் கொண்டு நீளமான பாரி நாயனம் செய்யவைத்து, இரண்டு, இரண்டரைக் கட்டைக்குச் சுருதியை இறக்கினார். அப்போதும் கெட்டுப்போனது என்று சொன்னவர்கள் உண்டு. இறக்கிய சுருதியில்தான் அவருடைய தோடி பிறந்தது என்றார். பெரியப்பா கேட்டுக்கொண்டார். ஆனால் நாடாவை உறையில் போட்டு மூடினார். அடுத்த பல வாரங்கள் அதை எடுக்கவில்லை. பாக் சிக் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார். மறுபடி அது ஓடத் தொடங்கியபோது எண்ணைப் பிடிக்க என்னைக் கூப்பிடவில்லை. நான் சொன்னது சரிதான். அந்தச் சரியை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் நான் என்ன செய்தேன் என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

பல வருடம் கழித்து, சிங்கப்பூர்க் கடையொன்றில் ஆன்னர் பைல்ஸ்மா 1979-ல் பழைய பாணிச் செல்லோவில், குடல் தந்தியில் வாசித்த பதிவை வாங்கினேன். சராபாந்தைப் போட்டேன். முதல் ஸ்வரத்திலேயே பெரியப்பாவின் முன்கூடம். அரைக் கட்டை கீழே! பழைய பாணியில் வாசிப்பவர்கள் ‘ஏ’ ஸ்வரத்தை 440-க்குப் பதிலாக 415 அதிர்வில் வைக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தளர்ந்த பெல்ட் ஏறக்குறைய அந்த அளவுக்கே இறக்கியிருந்தது. நடை மட்டும் வேறு. பைல்ஸ்மா நடந்து போகிறார், பெரியப்பாவின் கசல்ஸ் நின்று நின்று போவார்.

மேலும் படிக்கப் படிக்க, அன்று நான் பிடித்துக்கொண்டு நின்ற ‘சரி’ காலடியில் நழுவியது. 440 என்பதை ஒரு சர்வதேச மாநாடு லண்டனில் பரிந்துரைத்தது 1939 மே மாதத்தில். கசல்ஸ் இந்த ஐந்தாவது தொகுப்பைப் பாரிஸில் பதிவு செய்ததும் அதே 1939-ல், ஃபிராங்கோவிடம் தன் கட்டலோனியா விழுந்த ஆண்டில். பாக் காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி மாறும். ஒரே ஊரில் ஆர்கனுக்கு ஒன்று, மற்ற வாத்தியங்களுக்கு ஒன்று. 415-ம் 440-க்குச் சரியாக அரைக் கட்டை கீழே இருப்பதால் நம் காலத்தவர் வசதிக்காக ஒப்புக்கொண்டதுதான். பாக் கைப்பட எழுதிய செல்லோ ஏடு கிடைக்கவே இல்லை. மனைவி அன்னா மக்டலேனா எடுத்த படியும் கெல்னர் என்பவர் 1726-ல் எடுத்த படியும் வில் போட வேண்டிய இடங்களில் ஒத்துப்போவதில்லை. ஐந்தாவது தொகுப்பு லூட் வாத்தியத்துக்கான வடிவில் மட்டும் பாக்கின் கையெழுத்தில் தப்பியிருக்கிறது. ஒன்று நிச்சயம்: இந்தத் தொகுப்புக்குச் செல்லோவின் மேல் தந்தியை ஒரு கட்டை இறக்கச் சொன்னவர் பாக்.

பெரியப்பா இதையெல்லாம் கேட்க இல்லை. நாயனக்காரர் எப்போதோ ஊர் திரும்பிவிட்டார். அந்த வீட்டில் இப்போது அண்ணன் குடும்பம். அண்ணன் மகள் செல்லோ கற்கிறாள். ஃபூர்னியே 1960, வெஸலே தேவாலயத்தில் ரோஸ்ட்ரோபோவிச் 1991, யோ யோ மா 1983, 1997, 2018 என்று கைப்பேசியில் வரிசையாகப் போட்டுக் காட்டுவாள். அவளுக்குப் பைல்ஸ்மா. ரோஸ்ட்ரோபோவிச் தேவாலயத்தின் எதிரொலியையும் சேர்த்து வாசிக்கிறார், அது மூன்றாம் அடியை மறைக்கிறது என்பாள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த எதிரொலிக்காகத்தான் அவர் காத்து நிற்கிறார். இது எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

சென்ற வருடம் பெரியப்பாவின் பிளேயரைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். புது பெல்ட், சுத்தமான வேலை. 212-ல் நிறுத்தினேன். சரியாக ஒரு கட்டையில், அசைவே இல்லாமல் வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன ஆச்சு, சித்தப்பா?” என்றாள். சொன்னேன், என் வாயால் பெரியப்பாவிடம் சொன்னதையும் சேர்த்து.

அவள் செல்லோவை எடுத்து நான்கு தந்திகளையும் அரைக் கட்டை இறக்கினாள். மேல் தந்தியை மட்டும் அதற்கும் கீழே இன்னொரு கட்டை. பக்கத்து வீட்டிலிருந்து பாக் சிக்கைக் கைப்பிடித்து அழைத்து வந்தோம். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம். அதே மர நாற்காலியில் உட்காரவைத்தோம். அவளுக்கு வழக்கமான வேகத்தைவிட மெதுவாகத்தான் வாசித்தாள், சித்தப்பாவுக்காக. நான்காவது சுற்றில் பாக் சிக்கின் விரல் எழுந்தது. மூன்றாம் அடியில் மோதிரம் மரத்தைத் தொட்டது.

முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே, “செக்காலி லாகி” என்றார். அவள் மறுபடி தொடங்கினாள்.